சிக்னலில் நடுங்கும் உன் வண்டி

என் உயிர் மச்சான் பஷீருக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. முப்பது வருடம் நீ படம் எடுத்தாய், நான் செய்தி எழுதினேன். உனக்கென்று நான்கு வரி எழுத இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். துக்கம்தான் எழுத வைத்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். எழுத வைத்தது உன் வண்டி.

அந்தப் பழைய கார் நீ போனதிலிருந்து என்னிடம், ஸ்ரீரங்கத்தில் நின்றது. பாலக்கரையில் உங்கள் தெருமுனையிலேயே நிற்கட்டும் என்றுதான் நான் சொன்னேன். உன் மெஹர் கேட்கவில்லை. "கண்ணு முன்னாடி நிக்க வேணாம் அண்ணே. நீங்க கொண்டு போய் வச்சுக்கிட்டு அப்பப்ப ஓட்டுங்க" என்றாள். தோஹாவிலிருந்து வந்திருந்த இர்ஃபான் திரும்பிப் போகும் முன் சாவியை என் கையில் வைத்தான். உன் மகனுக்கு உன் கை. அதே கட்டை விரல்.

நான்கு மாதம் பத்து நாள் மெஹர் வெளியார் கண்ணில் படாமல் ஒதுங்கி இருந்த அந்த இத்தா முடியும் வரை அவளை நான் பார்க்கவில்லை. வாசலோடு நின்று, திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே நலம் கேட்டுவிட்டு வருவேன். அந்த மாதங்களில் வண்டி ஒழுங்காகத்தான் இருந்தது. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் எங்கோ ஒழுகி, இன்ஜினை நடத்துகிற அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. சாவியைத் திருகினால் விளக்கு எரியும், வேறு ஒன்றும் நடக்காது. வேறு பெட்டி கிடைக்க ஒன்றரை மாதம் ஆனது. திருவானைக்காவலில் கார் எலக்ட்ரிக் வேலை பார்க்கும் பெலிக்ஸ்தான் அதைத் தேடிப் பிடித்து மாட்டினார். ஐம்பது வயது மனிதர், நிதானமானவர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

வண்டி ஓடியது. ஆனால் நின்றால் நடுங்கியது. பால்பண்ணை சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் ஐந்நூறுக்கு விழும், ஆயிரத்துக்கு எகிறும், மறுபடி விழும். ஸ்டியரிங், கண்ணாடி, என் மூக்குக் கண்ணாடி எல்லாம் ஆடும். இரண்டு தடவை அணைந்தே போனது. பின்னால் இருந்த பஸ்காரர் என்ன சொன்னார் என்பதை நான் எழுதப் போவதில்லை. நீ இருந்திருந்தால் இறங்கிப் போய் இன்னும் நல்லதாக நான்கு வார்த்தை சொல்லியிருப்பாய்.

இத்தா முடிந்த பிறகு வெள்ளிக்கிழமைகளில் மெஹரை நான்தான் அழைத்துப் போய்வந்தேன். காந்தி மார்க்கெட், பல் டாக்டர், ஒரு தடவை வையம்பட்டியில் அவளுடைய அக்கா வீடு. ஜும்ஆ கூட்டம் கலைந்ததும் போவேன், மாலைத் தொழுகைக்குள் கொண்டுவந்து விட்டுவிடுவேன். வண்டி நடுங்கும்போதெல்லாம் அவள் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், வாய் திறக்க மாட்டாள். இர்ஃபான்தான் போனில் சொன்னான்: "மாமா, சரியாச்சுன்னா அம்மா வச்சுக்கட்டும். இல்லைன்னா இந்த மாசமே தள்ளி விட்டுடலாம். வழியில எங்கயாச்சும் நின்னு போச்சுன்னா யாரு பாக்குறது?"

அவன் கேட்டது நியாயம். எனக்குப் பயம் வந்தது வேறு இடத்தில். எனக்கென்று குடும்பம் அமையவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்துக்குப் போனால் எழுந்து நாற்காலி தருகிறார்கள். அதனாலேயே போவதை விட்டுவிட்டேன். வாரத்தில் ஒரு நாள் ஒரு வீட்டில் எனக்கு வேலை இருக்கிறது, அதற்கு ஒரு வண்டி இருக்கிறது. வண்டி போய்விட்டால் என்ன சொல்லிக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்பேன், பஷீர்?

பெலிக்ஸ் காரணத்தை எளிதாகச் சொன்னார். "பழைய பெட்டிக்கு இந்த இன்ஜினோட கரி, தேய்மானம் எல்லாம் அத்துப்படி சார். நிக்கிறப்ப எவ்வளவு காத்து விடணும்னு பதினாலு வருஷமா பழகி வச்சிருந்துச்சு. இது புது ஆளு. நாமதான் பழக்கணும்."

காற்று போகும் வழியில் படிந்திருந்த கரியைச் சுத்தமாகத் துடைத்தார். பிறகு என்னை உட்கார வைத்து, வண்டியைக் கிளப்பி, பத்து நிமிடம் அப்படியே விடச் சொன்னார். ஏசி கூடாது, விளக்கு கூடாது, ரேடியோ கூடாது, ஆக்சிலரேட்டரில் கால் படவே கூடாது. "சும்மா உக்காந்திருங்க சார், அது தானா கத்துக்கும்."

அந்தப் பத்து நிமிடத்தில் ஒன்றைக் கவனித்தேன். இத்தனை வருடமும் நீ ஓட்டினாய், நான் இடது பக்கம் உட்கார்ந்து நோட்டில் கிறுக்கிக்கொண்டு வந்தேன். இப்போது உன் இடத்தில் நான் இருக்கிறேன். வண்டியில் காலியாக இருப்பது என் இடம்தான். அதில் யாரை உட்கார வைப்பது என்று தெரியாமல் பையை வைத்திருக்கிறேன்.

முள் எழுநூற்றைம்பதில் வந்து நின்றது. அசையவில்லை. கை கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை கிளப்பினால், மறுபடி அதே நடுக்கம்.

இப்படி மூன்று முறை. பெலிக்ஸ் பிளக் மாற்றினார், குழாய்களில் காற்றுக் கசிகிறதா என்று பார்த்தார், ஒயர்களைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அவர் பட்டறையில் சரியாகும், என் வீட்டில் விடிந்ததும் கெடும். "எதையாச்சும் தொட்டீங்களா சார்?" என்று மூன்று முறையும் கேட்டார். "எதையும் தொடவில்லை" என்று மூன்று முறையும் சொன்னேன். கடைசியில் ஒரு நாள் வண்டியைத் தன் பட்டறையிலேயே நிறுத்திக்கொண்டார். மறுநாள் போனபோது அது பூ மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"என் வீட்ல நல்லாருக்கு, உங்க வீட்ல கெட்டுப்போகுது. ஒங்க ஊர்ப் பெருமாளுக்கும் வண்டிக்கும் ஏதாச்சும் தகராறா?" என்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "நியூஸ் எழுதின ஆளுதான சார் நீங்க? வண்டிய நிறுத்துறதுல இருந்து காலையில சாவி போடுற வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். சித்திரை வீதியில் நிழல் பார்த்து நிறுத்துவேன். கியரில் போடுவேன். கண்ணாடிகளை ஏற்றுவேன். பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக வைப்பேன்.

பெலிக்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னத்தக் கழட்டுவீங்க?"

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முசிறிப் பக்கம் வாழைத் தோப்புகளுக்குள் வெள்ளம் புகுந்த வருடம், விடிகாலையில் கிளம்ப வேண்டிய நாளில் பேட்டரி செத்துக் கிடந்தது. பஸ் பிடித்து நாம் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. உனக்குப் படம் இல்லை. அன்றிலிருந்து, சார்ஜ் இறங்கிவிடக் கூடாதென்று, வண்டியை எங்கே நிறுத்தினாலும் பானெட்டைத் தூக்கி டெர்மினலைக் கழற்றிவிடுவாய். கல்யாண வீட்டு வாசலில்கூட. "தாலாட்டு ஒண்ணுதான்டா பாக்கி, அதையும் பாடிடு" என்று நான் கிண்டல் செய்வேன். "நீ காசு போட்டு வாங்கினியா? பேசாம வா" என்பாய்.

சாவி என் கைக்கு வந்த நாளிலிருந்து நான் அதைச் செய்துவந்தேன், ஒரு நாள் விடாமல். எதையும் தொடவில்லை என்று பெலிக்ஸிடம் சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. அது ஏதோ ஒன்றைத் தொடுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பழைய பெட்டி கரண்ட் போனாலும் படிச்சத மறக்காது சார். இது வேற மாடல். டெர்மினலக் கழட்டுனா எல்லாம் அழிஞ்சு போகும். நான் பகல்ல பாடம் நடத்துறேன், நீங்க சாயங்காலம் சிலேட்டத் தொடச்சு விட்டுடுறீங்க. அது தெனமும் ஒண்ணாங்கிளாஸ்லயே உக்காந்திருக்கு." சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "யாரு சார் சொல்லிக் குடுத்தது?"

"வண்டிக்காரர்" என்றேன்.

அன்று சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பானெட்டுக்கு முன்னால் நின்றேன். பிறகு வீட்டுக்குள் போய்விட்டேன். நீ விட்டுப்போனதில் நான் கையால் செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

காலையில் வண்டி நடுங்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. இர்ஃபானுக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது, இனி பயமில்லை என்றேன். வெள்ளிக்கிழமை உற்சாகமாகத்தான் பாலக்கரைக்கு வந்தேன். காவிரிப் பாலத்தில் நெரிசல். நின்று நின்று வந்தும் ஒரு தடவைகூட அணையவில்லை. உங்கள் தெருமுனையில் நிறுத்தி, முள் அசையாமல் நிற்பதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுத்தான் அணைத்தேன்.

மெஹர் வாசல் வரை வந்து நின்றிருந்தாள், மாவு அப்பிய கையோடு. முகம் வெளிறியிருந்தது.

"வண்டி சரியாயிடுச்சும்மா" என்றேன். டெர்மினல் கதையை முழுக்கச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். லேசாகச் சிரிக்கவும் செய்தாள். பிறகு சொன்னாள்:

"ஆடிக்கிட்டு வந்தப்ப வேற யாரு வண்டியோ மாதிரி இருந்துச்சு அண்ணே. எனக்கு ஒண்ணும் தோணல. இன்னைக்குத் தெருமுனையில அவரு வர்ற அதே சத்தம். அடுப்பைக் குறைச்சுட்டு, அவரு தட்டைக் கையில எடுத்துட்டேன்." கையிலிருந்த மாவைத் துடைத்தாள். "வித்துடலாம் அண்ணே."

நான் மூன்று வாரம் அலைந்து திருப்பிக் கொண்டுவந்தது எதை என்று யோசித்துப் பார்த்திருக்க வேண்டாமா, மச்சான்? ஊரெல்லாம் போய்க் கேள்வி கேட்டவனுக்கு, இவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே.

சரிம்மா என்றேன். சாவியை ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கிவிட்டேன். அடுத்த வெள்ளிக்குச் சொல்ல ஒரு காரணம் தேடிக்கொண்டே இறங்கினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"அண்ணே" என்று பின்னால் கூப்பிட்டாள். "வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டு பேருக்கு அரிசி போடவா?"

"போடும்மா" என்றேன். தெருவைப் பார்த்தபடிதான் சொன்னேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது.

பஷீர், வண்டி முசிறிக்காரர் ஒருவரிடம் போகிறது; டெர்மினலைத் தொடாதீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் இருக்கிறது. எந்த வேலையும் இல்லாமல், எந்தக் காரணமும் சொல்லாமல், வெள்ளிக்கிழமை உன் வீட்டில் சாப்பிட வருவேன். முதல் தடவை எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் வருவேன்.

உன் மெஹருக்கு அண்ணனும்,
அந்த முறையில் என்றைக்கும் உனக்கு மச்சானுமான,
சேகர்