அவருக்கு ஜலதோஷம் இருந்தது

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கால் எப்படி இருக்கிறது? ஊன்றுகோல் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று உன் மனைவி சொன்னாள். கேட்டு மனசு கொஞ்சம் ஆறியது. நாங்கள் ஏதோ இருக்கிறோம். விமானப்படைக் குடியிருப்பை இந்த மாதக் கடைசியில் காலி செய்யவேண்டும். பாதி வீடு அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. சின்னவன் தன் செருப்பையும் உள்ளே போட்டு ஒட்டிவிட்டு, இரண்டு நாளாக வெறுங்காலோடு திரிகிறான்.

எதை எடுத்துக் கட்டினாலும் உன் அண்ணன் நினைவுதான். அவ்வளவு பெரிய விமானத்தை இறக்குகிறவர், மகளுக்கு இரட்டைச் சடை பின்ன அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். அதுவும் ஒன்று ஏறி ஒன்று இறங்கி நிற்கும். "ஆகாயத்துலதான் நான் கேப்டன். இந்த வீட்டுல டிக்கெட் எடுக்காத பயணி" என்று உன்னிடமே சொல்லிச் சிரிப்பாரே! எங்கே போய் இறங்கினாலும் கையோடு போன் வரும். என்னை நலம்கூட விசாரிக்கமாட்டார். "சின்னவன் சாப்பிட்டானா?" என்பதுதான் முதல் பேச்சு.

போன வாரம் பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், பையைக்கூட இறக்காமல், "சித்தப்பாவாலதான் அப்பா செத்துட்டாராமே, நெசமாம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விபத்து விசாரணை அறிக்கை வந்த நாளிலிருந்து குடியிருப்பு முழுக்க அதே பேச்சாம். துணை விமானி உயரத்தைக் கவனிக்கவில்லை, தவறை அவரே ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருக்கிறார்களாம். இனி நீ பறக்க முடியாது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும்.

உடனே உன் மனைவிக்குப் போன் செய்தேன். முதலில் மழுப்பினாள். பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. மேகத்துக்குள் இறங்கும்போது உன் அண்ணன், "தலை சுத்துதுடா, நீ பிடி" என்றாராமே. நீ கையில் வாங்குவதற்குள் தரை வந்துவிட்டதாமே. பேச்சைப் பதியும் கருவியும் தீயில் போய்விட்டதால், நீ சொன்னதுதான் சாட்சி என்று ஆகிவிட்டது. "அண்ணன் பேருக்கு ஒரு சொல் வந்துடக்கூடாதுன்னு பழியை இவரே ஏத்துக்கிட்டார், அக்கா" என்றாள்.

தம்பி, நானும் விசாரணையில் பொய் சொன்னேன். அன்று அவர் உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டார்கள். "நல்லாத்தான் இருந்தார்" என்றேன். இல்லை. சின்னவனிடமிருந்து தொற்றிய ஜலதோஷம். மூன்று நாளாக இரண்டு காதும் அடைத்திருந்தன. காது அடைத்திருந்தால் இறங்கும்போது தலை சுற்றும் என்று அவரே முன்பு சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "காட்டினா பறக்க விடமாட்டாங்க. இந்த ஒண்ணை முடிச்சாத்தான் லீவு. பெரியவளுக்குக் கண் ஆபரேஷன் அன்னிக்கு அவ பக்கத்துல நான் இருக்கணும்" என்றார். அவர் கூட இருந்தால் போதும் என்று நானும் விட்டுவிட்டேன். டாக்டருக்கு நானே ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

நேற்று எல்லாவற்றையும் எழுதி விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உன் அண்ணனை இனி என்ன சொல்வார்களோ, தெரியாது.

பெரியவளிடம் அதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "அப்ப அப்பாதான் தப்பு பண்ணிட்டாரா?" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு, "எனக்காகவா?" என்றாள். நீ காரணம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், தம்பி. அன்றிலிருந்து அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

உன்னை மறுபடி கூப்பிட்டுக் கேட்பார்கள். அண்ணி மனசு கலங்கி உளறுகிறாள் என்று சொல்லித் தப்பிக்காதே. நடந்ததை நடந்தபடி சொல். பிறகு ஒருமுறை இங்கே வா. கடைசியில் அவர் பக்கத்தில் இருந்தவன் நீதான். அது அவளால் இல்லை என்று நான் சொன்னால் நம்பாத பெரியவள், நீ சொன்னால் நம்புவாள்.

நீ மறுபடி பறக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் பத்திரமாக இறங்கி, உன் வீட்டுக்குப் போன் செய்யவேண்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அண்ணி