டொமைன் யாருடைய பெயரில்

நவம்பர் 18, செவ்வாய்

எங்கள் கேக் கடைக்குப் புது இணையத்தளம் செய்துதரும் கார்த்திக் இன்று லாசாலில் உள்ள கடைக்கே வந்திருந்தார். சென்னைக்காரர். "டொமைன் யார் பேர்ல இருக்குங்க?" என்று கேட்டார். எனக்கு அந்தச் சொல்லே விளங்கவில்லை.

"ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்கிற இடம், வாடகை வீடு மாதிரி, எப்ப வேணா மாத்திக்கலாம். டொமைன்தான் தளத்தோட விலாசம். பதிஞ்சவங்க விட்டுக்கொடுத்தாத்தான் உங்களுக்கு வரும்" என்றார்.

பதிந்தவள் வாசுகி. என்னோடு சேர்ந்து கடையைத் தொடங்கியவள். கோடையில் என்னோடு கோபித்துக்கொண்டு டொரண்டோ போனாள். அதற்குப் பிறகு நாங்கள் கதைத்ததில்லை.

பின்னேரம் தயங்கித் தயங்கி அவளுக்குப் போன் எடுத்தேன்.

"வாசு, அந்த டொமைனை என்ரை பேருக்கு மாத்தித் தருவியே?"

"கடைக்கு வாசுமலர் எண்டுதானே பேர் வைச்சனாங்கள், மலர். அதிலை பாதி நான். ஏன் போனனி எண்டு நீ ஒருநாளும் கேக்கேல்லை. இப்ப விலாசத்தை மட்டும் கேக்கிறாய்."

பேந்து கதைப்பம் என்று போனை வைத்துவிட்டாள்.

புது விலாசம் ஒன்று எடுக்கலாம் என்று கார்த்திக் செய்தி அனுப்பியிருக்கிறார். நான் பதில் போடவில்லை. காலையில் வாசுகிக்குத் திரும்ப எடுத்து, ஏன் போனாய் என்று கேட்கத்தான் வேண்டும். அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு ஓரளவு தெரியும், பிழை என் பக்கம்தான். அதுதான் நித்திரை வரவில்லை.