ஜெலாதாங் இலை

ஆடி ஞாயிறு, இரவு.

செமினியில் ஆற்றோர முனீஸ்வரனுக்கு இன்று படையல். வாழையிலைக் கட்டை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து எடுக்கச் சோம்பல். படையலுக்கு வந்திருந்த, ஒரு கடையில் ரொட்டி சானாய் போடும் முருகேசனிடம், "தம்பி, அந்தச் செடி இலை அகலமா இருக்கே, பத்து பறிச்சிட்டு வாங்க" என்றேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன மனிதர். காட்டோர ஈர நிழலில் ஆளுயரம் நின்ற செடியில் கைவைத்தவர் அலறிவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அது ஜெலாதாங், தொட்டால் தீயாய் எரியும் செடி. இலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சுணை. இங்கேயே பிறந்தவள் நான் பார்த்திருக்க வேண்டாமா?

"யாரு இதத் தொடச் சொன்னது?" என்று பூசாரி ஓடிவந்தார். என் வாய் முந்திக்கொண்டது. "புதுசு லா, பாவம், தெரியாம தொட்டுட்டாரு."

முருகேசன் என்னைப் பார்த்தார். "ஆமாங்க, நான்தான் பாக்காம தொட்டுட்டேன்" என்றார்.

செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்து என்னால் ஆன மட்டும் சுணையை எடுத்தேன். உள்ளங்கை வீங்கிவிட்டது. பூசாரி பாராங் கத்தியோடு செடியை வெட்டப் போனபோது முருகேசன்தான் தடுத்தார். "விடுங்கண்ணே. அது பாட்டுக்கு ஆத்தோரமா நிக்குது, அது என்ன பண்ணுச்சு?"

தண்ணீர் பட்டால் மறுபடியும் எரியுமாம். விடிகாலையில் அவர் மாவு பிசைய வேண்டும்.

வாழையிலைக் கட்டு சாப்பாட்டு மேசைமேல் அப்படியே இருக்கிறது. காலையில் நானே கழுவித் துடைத்து அடுக்கியது. ஒன்றுகூட வாடவில்லை.