அப்பா எடுத்த படங்களும் இத்துடன்

சேசு மரி சூசை துணை

மஞ்சக்குப்பம், கடலூர்
6 ஜூலை 2025, ஞாயிறு

அன்பு மகள் ஜெனிக்கு,

மடத்தில் உனக்குச் சூட்டிய பெயரை உறையின் மேல் எழுதிவிட்டேன். உள்ளே எனக்கு நீ ஜெனிதான். உன் தலைவி அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். உடம்புக்கும் ஆத்துமத்துக்கும் ஒரு குறையும் வராமல் மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. முதலாவது வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பதில் எழுத உட்காருவேன், "அப்பாவும் நானும் நலம்" என்று தொடங்குவேன், அதற்கு மேல் பேனா நகராது. இன்று முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து, புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். அப்பா தூங்குகிறார்.

டோனி சிங்கப்பூரில் நன்றாக இருக்கிறான். கம்பெனி மாறியிருக்கிறான், அதனால் இந்த வருஷம் லீவு இல்லையாம். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. போன புயலில் நம் பூவரசு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வெட்ட ஆள் கிடைக்கவில்லை, அப்படியே விட்டோம். இப்போது சாய்ந்த பக்கம்தான் ஜாஸ்தி பூக்கிறது.

ஜெனி, அக்டோபர் ஒன்று, குழந்தை தெரசம்மாள் திருநாளன்று உன் நித்திய வார்த்தைப்பாடு, ஆயுசு முழுக்க மடத்துக்கே என்று நீ கொடுக்கும் வாக்கு. "சம்மதம் என்று அப்பா ஒரு வரி எழுதட்டும், கிறுக்கலாக இருந்தாலும் போதும். அது இல்லாமல் நான் பீடத்தின் முன் போய் நிற்க மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்பது நியாயம். நீ கிளம்பிப் போன அன்று அவர் வாசலுக்கு வரவில்லை. கரண்ட் லைனில் பழுது என்று சொல்லி விடியுமுன்னே ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஏழு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன்னைப் பார்க்க மடத்துக் கிராதிக்கு முன்னால் நான் மட்டும்தான் வந்து உட்கார்ந்தேன். நீ ஒவ்வொரு முறையும் என் தோளுக்குப் பின்னால் பார்ப்பாய். நான் அதைக் கவனிக்காத மாதிரி இருப்பேன்.

அந்த வரியை என்னால் அனுப்ப முடியவில்லை. ஏன் என்று இன்று சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் தபசு காலத்தில் அப்பாவுக்கு வாதம் வந்தபோது, வலது கையும் காலும் தளர்ச்சி, பேச்சு லேசாகக் குழறுகிறது, தேறி வருகிறார் என்று எழுதினேன். அதில் பாதி பொய். பேச்சு குழறவில்லை, போயே விட்டது. ஒரே ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. "வேணாம்." பசித்தால் தட்டை நீட்டிக்கொண்டே "வேணாம்" என்பார். டோனி போனில் வந்தால் சிரித்துக்கொண்டு "வேணாம், வேணாம்" என்பார். செபமாலை சொல்லும்போது நான் பாதி மந்திரம் சொல்லி நிறுத்துவேன், அவர் மீதியை அந்த ஒரு சொல்லால் சொல்லி முடிப்பார். தொண்டையைத் திறந்தால் அதுதான் வருகிறது. அவருக்கே அது தெரிகிறது, சொன்னதும் தலையில் அடித்துக்கொள்வார். மடத்து விதிப்படி உன்னால் அங்கிருந்து வர முடியாது. தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்றுதான் மறைத்தேன். மன்னித்துக்கொள்.

பேச்சுப் பயிற்சிக்கு ஜான்சி என்று ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வருகிறாள். பொறுமைசாலி. "அவுருக்குப் புரியுதும்மா, முக்காவாசி புரியுது. சொல்லு வர்ற வழிதான் அடைச்சிக்கிச்சி" என்று சொன்னாள். வேண்டியதைக் காட்டுவதற்குக் கையில் எதையாவது கொடுங்கள் என்றாள். நீ விட்டுவிட்டுப் போன பழைய போன் பீரோவில் கிடந்தது. சிம் இல்லை, கேமரா மட்டும் வேலை செய்கிறது. தண்ணீர் வேண்டுமானால் செம்பைப் படம் எடுத்துக் காட்டுவார் என்று எதிர்பார்த்துக் கொடுத்தோம்.

அவர் செம்பை எடுக்கவில்லை. துவைக்கிற கல்லில் உதிர்ந்து கிடந்த முருங்கைப் பூவை எடுத்தார். அடுத்து, கொடியில் காய்கிற என் பச்சைப் புடவைக்குள் வெயில் இறங்கியதை. அப்புறம் மின்கம்பியில் உட்கார்ந்த காக்காய்கள். அது அவருடைய பழைய உத்தியோகம், மேலே பார்க்காமல் நடக்கத் தெரியாது. பூவரசம் பூ ஒன்றைக் காலையில் மஞ்சளாக எடுத்தார். சாயங்காலம் அதே பூவுக்காகக் காத்திருந்து, சிவந்த பிறகு திரும்ப எடுத்தார். காலையில் மஞ்சள், மாலையில் சிவப்பு என்று பள்ளிக்கூடம் படிக்கும்போது நீ அவருக்குச் சொன்னது, நினைவிருக்கிறதா? கம்பியில் உரசும் கிளைகளை வெட்டிவிட்டு வரும்போதெல்லாம் உனக்காகப் பூவோடு ஒரு கொம்பு கொண்டு வருவாரே. தானே புயலில் பதினெட்டு நாள் வீடு திரும்பாமல் கம்பம் நட்டார். திரும்பி வந்த அன்று சட்டைப் பையில் வாடிப்போன ஒரு புங்கம்பூக் கொத்து இருந்தது. நீ அதைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துப் பாடம் பண்ணினாய்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டிவிட்டு நான் இடுப்பொடிந்து நிற்பேன். அவர் எறும்பைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். இரண்டு நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார், ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நானே எடுத்துக் கொடுத்தேன். வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம், ஜன்னல் கம்பியில் தொங்கிய மழைத்துளியை எடுத்ததுதான்.

அதன் பிறகு நானும் கூடவே போக ஆரம்பித்தேன். சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். மணலில் அடப்பங்கொடி ஊதாவாகப் பூத்துக் கிடக்கும். இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நிற்பார். அந்தச் சில நொடிகளில் கோணிய வாய் நேராகிறது, ஜெனி. வியாதிக்காரர் போலவே தெரியாது. பக்கத்தில் நிற்கும்போது எனக்கும் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். படம் எடுத்து முடித்ததும் பழையபடி ஆகிவிடுவோம், இரண்டு பேரும்.

மே மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். பயப்படாதே, இப்போது நலமாக இருக்கிறார்.

நான் ரேஷன் கடைக்குப் போய் வருவதற்குள் ஆளைக் காணவில்லை. அவர் ஊன்றி நடக்கும் கம்பும் இல்லை, போனும் இல்லை. கோயிலில் தேடினேன், கெடிலம் பாலத்தில் தேடினேன், பஸ் நிலையத்தில் தேடினேன். யாரைக் கேட்பது, என்னவென்று கேட்பது? அவரால் பெயரைச் சொல்ல முடியாது, ஊரைச் சொல்ல முடியாது. நடுரோட்டில் நின்று அழுதேன். மத்தியானம் இரண்டு மணிக்கு, முனை மளிகைக் கடை கலைமணி கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். சிதம்பரத்தில் கீழச் சன்னதியில் பூக்கடை வைத்திருக்கும் ராஜசபேசன் என்பவர் போனில் இருந்தார்.

"பதறாதீங்கம்மா, இங்க நம்ம கடையிலதான் உக்காந்திருக்காரு. பேரு கேட்டா வேணாங்கிறாரு, ஊரு கேட்டா வேணாங்கிறாரு. சாப்புடறீங்களான்னா அதுக்கும் வேணாங்கிறாரு, ஆனா இட்லிய சாப்புட்டுட்டாரு. அவுரு போன்ல உள்ள படத்த ஒவ்வொண்ணா தள்ளிப் பாத்தோம். காக்கா படத்துக்குக் கீழ ஒரு கடை போர்டு, அதுல நம்பரு இருந்திச்சி" என்றார்.

கலைமணி ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். நான் போய்ச் சேரும்போது, அப்பா பூக்கூடைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சம்பங்கிக் குவியலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ராஜசபேசனின் மனைவி பார்வதம் அவர் முகத்தைத் துடைத்துவிட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்பா திருடன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். அடிக்க ஓங்கிய கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். போனில் வழிநெடுக எடுத்த படங்கள் இருந்தன. புதுச்சத்திரம் சவுக்குத் தோப்பு, வெள்ளாற்றுப் பாலம், முன் சீட்டுப் பெண்ணின் தலையில் கனகாம்பரம்.

ஊருக்குக் கிளம்ப பஸ் நிலையம் வந்தோம். கடலூர் பஸ்ஸில் ஏற மறுத்துவிட்டார். கம்பால் அண்ணாமலை நகர் ஆட்டோவைக் காட்டி என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அப்போதுதான் அவர் எங்கே போகக் கிளம்பினார் என்று எனக்குப் புரிந்தது.

உன் ஹாஸ்டல் வாசலுக்கு எதிரில் இருக்கும் சரக்கொன்றை அப்படியேதான் இருக்கிறது. இலையே தெரியாமல் பூத்திருந்தது. நீ எம்.எஸ்சி. படித்த இரண்டு வருஷமும் சனிக்கிழமை தவறாமல் கருவாட்டுத் தொக்கு எடுத்துக்கொண்டு வந்து, ஆண்களை உள்ளே விடமாட்டார்கள் என்று அதன் அடியில்தானே காத்திருப்பார். நேராக அங்கே போய் நின்று போனை உயர்த்தினார். போன் ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், இருவருமாக எடுத்தோம். அந்தப் படத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் தெரியும்.

படம் எடுத்த பிறகும் அவர் நகரவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். ஐந்தரை மணிக்குப் பெண்கள் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், ஜெனி. கடைசிப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை பார்த்தார். பிறகு அவராகவே எழுந்து ஆட்டோவுக்கு நடந்தார்.

நீ இன்னும் அங்கேதான் படிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டாரா? இல்லை, எல்லாம் தெரிந்துதான் அங்கே போய் உட்கார்ந்தாரா? ஜான்சியைக் கேட்டேன். "அது எனக்கே சொல்லத் தெரியலம்மா" என்றாள்.

இந்த மனிதரிடம்தான் உனக்கு ஒரு வரி கேட்க வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று நாள் படித்துக் காட்டினேன். முதல் நாள், "ஜெனிக்குச் சம்மதம்னு எழுதட்டுமாங்க?" என்று கேட்டேன். "வேணாம்" என்றார். மறுநாளும் கேட்டேன். "வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது மறுப்பா, வேறெதுவும் சொல்ல வராததா? முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஜான்சி ஒரு வழி சொன்னாள். ஒரு அட்டையில் சரி அடையாளம், இன்னொன்றில் பெருக்கல் குறி போட்டு முன்னால் வைத்து, தொடச் சொன்னோம். அப்பா இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரே படமாக எடுத்துக்கொண்டார். ஜான்சி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சமையலறைக்குப் போனதும் அடுப்புக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நீயே எழுதிடும்மா. இடது கையால கிறுக்கினா யாருக்குத் தெரியப்போவுது" என்று டோனி சொல்கிறான். நேற்று எழுதியும் பார்த்தேன். "என் மகளுக்கு மனமார" என்பது வரை வந்தது. ஏற்கெனவே ஒரு வருஷம் உனக்குப் பொய் எழுதியவள் நான். பீடத்தின் முன் நீ அதை உண்மை என்று நம்பி நிற்பாய். தாளைக் கிழித்துவிட்டேன்.

ஆகையால், மகளே, அப்பாவின் சம்மதம் என்னிடம் இல்லை. அவருடைய மறுப்பும் என்னிடம் இல்லை. இருப்பது இந்தப் பதினொரு படங்கள்தான். ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, பின்னால் தேதி எழுதியிருக்கிறேன். உனக்காக எடுத்தார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் தெரியாது. நீயே பார்த்து முடிவு செய். அக்டோபரில் நீ என்ன செய்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். எனக்கு என்ன வேண்டும் என்று நீயும் கேட்காதே. கேட்டால் எழுதிவிடுவேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவருக்கு உன் கையால் ஒரு தாள் அனுப்பு. சம்மதம் பற்றி வேண்டாம், மடத்தைப் பற்றியும் வேண்டாம். உங்கள் தோட்டத்தில் இப்போது என்ன பூத்திருக்கிறது என்று அவருக்கு வரைந்து அனுப்பு. இலை நரம்பு ஒவ்வொன்றும் தெரிய வரைவாயே, அப்படி. மடத்து விதி இடம் கொடுக்காவிட்டால் தலைவி அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லு. அடுத்த முறை வாதம் வந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார், அதை விவரமாக எழுத விரும்பவில்லை. தாமதிக்காமல் அனுப்பு, அம்மா.

எழுந்துவிட்டார். கூப்பிடுகிறார், அந்த ஒரு சொல்லால்தான். நிறுத்திக்கொள்கிறேன். நீ ஊரில் இருந்தபோது தினமும் படுக்கப்போகுமுன் உன் நெற்றியில் சிலுவை போடுவேன். இப்போது கை எட்டவில்லை. இந்தத் தாளில் போடுகிறேன், இந்த இடத்தில் நீ நெற்றியை வைத்துக்கொள்.

✝

உன் அம்மா,
வியாகுலமேரி