மடித்து வைத்த ஈயக் கவசம்

ஐப்பசி 14, புதன்

எக்ஸ்ரே சென்டர் முதலாளியம்மாவை இன்று நேருக்கு நேர் கேட்டுவிட்டேன். எக்ஸ்ரே அறையின் ஈயக் கவசத்தைக் கம்பியில் தொங்கவிட வேண்டும். மடித்தால் உள்ளே ஈயத்தில் வெடிப்பு விழும். அவரோ தினமும் பட்டுப்புடவை மாதிரி மடித்து பீரோவில் வைக்கிறார். சாயங்காலம் சந்தேகப்பட்டு அந்தக் கவசத்தையே எக்ஸ்ரே எடுத்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கறுப்புக் கோடு.

"தொங்கவிட்டா வாரவிய கண்ணுக்கு அசிங்கமா இருக்கு. அம்புட்டுத் தடிச்ச துணிய மீறி என்ன போயிரும்?" என்றார்.

"ஆல்ஃபா கதிர்னா பேப்பரே தடுக்கும், பீட்டாவுக்கு அலுமினியத் தகடு போதும். இது எக்ஸ்ரே, மேடம். வெடிப்புல நேரா உள்ள போயிரும்."

"படிச்ச திமிரு. அந்தப் படத்த அழிச்சிரு."

அழிக்கவில்லை. ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும் வரை மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுப் படி ஏறும்போதுதான் மத்தியானம் வந்தவள் நினைவுக்கு வந்தாள்.

செட்டியார்பட்டிக்காரி. கை ஒடிந்த பிள்ளையைத் தனியாகத் தூக்கி வந்திருந்தாள். படம் எடுக்கும்போது பிள்ளையை யாராவது அசையாமல் பிடிக்க வேண்டும்.

"எனக்கு நாலு மாசம்க்கா. நான் பிடிக்கலாமா?"

"ஈயம்லா, ஒண்ணும் ஆகாது" என்று அந்தக் கவசத்தை நானே அவள் வயிற்றில் கட்டிவிட்டேன்.

கைக்கு எடுத்த படம்தான். சிதறி அவள் வயிற்றுப் பக்கம் வந்த கதிர் கொஞ்சமாகத்தான் இருக்கும். அவள் நம்பர் பதிவேட்டில் இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்வது?

பிள்ளையைப் பிடிக்க முதலாளியம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். பக்கத்து அறையில்தான் சும்மா உட்கார்ந்திருந்தார். தினமும் கவசத்தை மடிக்கிற எரிச்சலில் அவர் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் நான் கூப்பிடவில்லை.