ஜெர்மன் மேடம் வாங்கித் தந்த சாயா

நவம்பர் 12, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. ரப்பர் கையுறை ஆலை போட இடம் பார்க்க வந்த ஜெர்மன் மேடம் நாளை ஊருக்குத் திரும்புகிறார். துபாயில் வேலை பார்த்தவன், ஆங்கிலம் தெரியும் என்று மொழிபெயர்க்க என்னை வைத்திருந்தார்கள்.

இன்று ஆலைக்கு அனுமதி கேட்டு அரசு ஆபீசுக்குப் போனோம். அதிகாரி கோப்பைத் திறக்காமலே என்னிடம், "இவ்வளவு தூரம் வந்திருக்காவ. நமக்கு சாயாவுக்கு ஒண்ணும் இல்லியா?" என்றார்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மேடம் இங்கே வந்து கற்றுக்கொண்ட ஒரே சொல் சாயா. சிரித்தபடி எழுந்துபோய், எதிர்க்கடையில் ஆபீஸ் முழுவதற்கும் சாயா சொல்லிவிட்டு வந்தார். கூடவே பழபஜ்ஜி. எல்லாரும் குடித்தார்கள். அதிகாரியின் கிளாசில் மட்டும் ஆடை படிந்தது. "அடுத்த மாசம் வாருங்க, பாப்போம்" என்றார்.

அவருக்குச் சாயா பிடிக்காதா என்று காரில் மேடம் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "அதற்கு ரசீது தருவாரா?" என்றார். கேலி இல்லை. ரசீது இல்லாத பணம் கொடுத்தால் அவர் நாட்டில் அவரைத்தான் ஜெயிலில் போடுவார்களாம். ஆலைக்கு வியட்நாமிலும் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் செல்வி, "நம்ம பயலுக்கு அந்த ஆலையில வேலை உண்டுமா, கேட்டியளா?" என்றாள். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.

சற்றுமுன் அதிகாரி போன் பண்ணினார். "நீரு மேடத்துக்கிட்ட வெவரமா சொல்லலியா?"

சொல்லிவிட்டேன் சார். அதனால்தான் போகிறார்.