மண்ணெண்ணெய் மணக்கும் வைன்

சின்யோரா,

நேற்றுப் பின்னேரம் உங்கள் குசினியில் மண்ணெண்ணெய் மணத்தது. வீட்டை விற்கப்போகிறார்கள் என்பதால் உங்கள் மகளுக்கு உதவியாக அலமாரிகளை ஒதுக்கப் போயிருந்தேன். திரும்பிப் பார்த்தால், அவர் சிங்க்குக்கு முன்னால் உங்கள் பழைய ரீஸ்லிங் வைன் போத்தலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுழித்தபடி நிற்கிறார்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உயிரோடு இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது, ஆகவே இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு நட்டமும் இல்லை. நீங்கள் கதைத்த இத்தாலியன் என் காதில் எங்கள் வன்னித் தமிழாகத்தான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

பலெர்மோவில் லிபெர்த்தா வீதி வீட்டுக்கு உங்களைப் பார்த்துக்கொள்ள வந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது, உங்களுக்கு எண்பது. பலெர்மோக்காரரைக் கட்டி ஐம்பது வருடம் இங்கே இருந்தும் நீங்கள் ஜெர்மன்காரியாகவே இருந்தீர்கள். பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. ஒவ்வொரு இளவேனிலிலும் மோசல் ஆற்றங்கரையில் வைன் செய்யும் உங்கள் தம்பியின் மகன் ஒரு பெட்டி அனுப்புவார். நீங்கள் ஒவ்வொரு போத்தலையும் மணந்து, குடித்து, எதனுடன் எதைச் சாப்பிடலாம் என்று எழுதி அனுப்புவீர்கள். அவர்கள் அதைத் தங்கள் பட்டியலில் உங்கள் பெயரோடு அச்சடிப்பார்கள். பிறந்த வீட்டில் உங்களுக்கு மிச்சமிருந்த இடம் அந்தச் சில வரிகள்தான்.

அடுத்த வருடம் குளியலறையில் விழுந்து தலையில் அடிபட்டது. காயம் ஆறிவிட்டது, மூக்குத்தான் திரும்பவில்லை. பெட்டி வந்த அன்று கிளாசை மூன்று தரம் மூக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள்.

"ஒண்டும் மணக்கேல்லை. மகளுக்குச் சொல்லாதை. பெட்டி அனுப்புறவனுக்கும் சொல்லாதை. தெரிஞ்சால் இனி அனுப்பமாட்டான். நீ மணந்து பார்."

நான் கள்ளைக்கூடத் தொட்டவள் இல்லை. ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் துப்பினேன். "பள்ளிக்கூடத்தில சிலேட்டை எச்சில் தொட்டு அழிச்சால் ஒரு மணம் வருமெல்லோ, அது" என்றேன். ஊன்றுகோலையும் மறந்து கதிரையை விட்டு எழும்பிவிட்டீர்கள். உங்கள் தம்பியின் திராட்சை மலை முழுக்கச் சிலேட்டுக் கல்லாம். மலையைக் காணாதவள் மலையைச் சொல்லிவிட்டாளே என்று உங்களுக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம்.

அதன் பிறகு நான்தான் உங்கள் மூக்கு. எல்பிளிங் என்ற திராட்சையின் வைன் அரைநெல்லிக்காய் கடித்த மாதிரிப் புளிக்கும். ஷ்பேட்புர்குண்டர் என்ற சிவப்பு வைனில் நாவற்பழம் மணக்கும், நாக்கும் அப்படியே கயர்க்கும். "இதோட நீ என்ன தின்னுவாய்?" என்று கேட்பீர்கள். எல்பிளிங்குக்குப் பொரித்த சூடை மீன் என்பேன். அதை ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக்கடையில் பொரிக்கும் மத்தி என்று எழுதுவீர்கள். கொஞ்சம் இனிப்பான ரீஸ்லிங்குக்கு உறைப்பும் புளியுமாகக் கத்தரிக்காய் என்றால் அது இந்த ஊர்க் கத்தரிக்காய்க் கூட்டான கப்பொனாத்தா ஆகும். என் தேங்காய்ப்பால் சொதி ஜெர்மனியில் பாலேடு விட்ட மீன் சூப்பாகப் போய்ச் சேர்ந்தது. என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே எத்தனை ஜெர்மன்காரர் சொதி குடித்தார்களோ! ஒருநாள் பஸ்ஸில் மன்னார்ப் பிள்ளையொருத்தி, "அக்கா, உங்களில வைன் மணக்குது" என்று காதுக்குள் சொன்னாள். "ஓம் பிள்ளை, வேலையால வாறன்" என்றேன். அவள் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் உங்கள் மூக்கான மூன்றாம் வருடம் அந்தப் பழைய ரீஸ்லிங்கைக் கீழறையில் இருந்து எடுக்கச் சொன்னீர்கள். மகள் பிறந்த வருடத்து வைன். இரண்டு போத்தல்தான் மிச்சம். அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். திறந்ததும் எனக்குத் திடுக்கிட்டது. அசல் மண்ணெண்ணெய். எங்கள் ஊரில் மண்ணெண்ணெய்ப் போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அதிலேயே தேங்காயெண்ணெய் வாங்கப் போவோம். எத்தனை தரம் கழுவினாலும் மணம் போகாது. ஜெர்மன்காரரும் அப்படித்தான் பழைய போத்தலைக் கழுவி அடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன். சொல்ல மனம் வரவில்லை.

"பச்சை அப்பிள் மணக்குது. நல்லாயிருக்கு" என்றேன்.

நீங்கள் பேனையைக் கீழே வைத்தீர்கள். "நாப்பத்தைஞ்சு வருஷத்து வைனில பச்சை அப்பிளோ? உன்ர மூக்குப் பிழையோ, வாய் பிழையோ?"

மூக்கு என்றால் மூன்று வருடமாக நீங்கள் எழுதியனுப்பியது எல்லாம் பொய். வாய் என்றால் என் வேலை போகும், வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியும் புதுப்பிக்கமாட்டார்கள்.

"வாய்தான், சின்யோரா."

"அப்ப மூக்கு என்ன சொன்னது?"

"மண்ணெண்ணெய்."

நீங்கள் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. நல்லபடி முதிர்ந்த ரீஸ்லிங்குக்கு அந்த மணம்தான் வருமாம். "வந்திட்டுது, வந்திட்டுது" என்று மேசையைத் தட்டினீர்கள். பிறகு சொன்னீர்கள்: "எனக்கு நல்லதாச் சொல்லக் கனபேர் இருக்கினம். நீ உள்ளதைச் சொல்லு." அன்று மத்தியானம் அவித்த நண்டோடு நீங்கள் ஒரு கிளாஸ் குடித்தீர்கள். ஒவ்வொரு மிடறுக்கும் நான் மணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் உங்கள் மகளுக்கு மட்டும் உள்ளதைச் சொல்லவிடவில்லை. கோடையில் ஞாயிறு தவறாமல் அவர் பொமேலியாப் பூ கொண்டுவருவார். எங்கள் கோயில் வாசலில் நிற்கும் அதே வெள்ளையும் மஞ்சளுமான பூ. முன்பெல்லாம் அதற்குள் முகத்தைப் புதைப்பீர்களாம். நான் பார்த்த காலத்தில், "அங்கை வை" என்று மேசையைக் காட்டுவீர்கள். அவ்வளவுதான். படியிறங்கும்போது அவர் என்னிடம், "அம்மாவுக்கு என்னில என்ன கோவம்?" என்று கேட்பார். "ஒண்டுமில்லை" என்பேன். கொடுத்த வாக்கு. நீங்கள் கண்ணை மூடும்வரை அவர் அந்தக் கேள்வியோடுதான் படியிறங்கினார். அதில் எனக்கு உங்கள்மேல் இன்னும் கோபம் உண்டு.

நேற்று அவர் போத்தலைச் சரிக்கப்போனார். "பழுதாப் போச்சு, பெற்றோல் மணக்குது."

"ஊத்தாதேங்கோ" என்று கையைப் பிடித்துவிட்டேன். "அது பழுதில்லை. முதிர்ந்தால் அப்பிடித்தான் மணக்கும். நீங்கள் பிறந்த வருஷத்து வைன்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மற்றப் போத்தலை நானும் அம்மாவும் திறந்தனாங்கள்."

"அம்மாவுக்கு அந்த மணம் பிடிச்சதோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் ஆறுதல், என் வாக்கும் தப்பியிருக்கும்.

"அவவுக்கு மணம் தெரியாது" என்றேன். "விழுந்த நாளில இருந்து ஒண்டும் தெரியாது. நான்தான் மணந்து சொன்னனான். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டவ."

அவர் போத்தலை மெல்ல மேசையில் வைத்தார்.

"அப்ப பூ?"

"பூவும்தான்."

கதிரையில் அமர்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். நீங்கள் செத்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை. பிறகு எழுந்து, கட்டிவைத்த பெட்டியைப் பிரித்து இரண்டு கிளாஸ் எடுத்துவந்து ஊற்றினார். தன்னுடையதை மூக்கடியில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"அவவுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் சொல்லுங்கோ."

முதலில் மண்ணெண்ணெய் என்றேன். கொஞ்சம் பொறுத்தால் தேன். கடைசியில், எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு.

உங்களுக்குத் தந்த வாக்கை மீறிவிட்டேன், சின்யோரா. இந்த முறை வாய் பிழை விடவில்லை.